அவள் விட்டதெல்லாம் போதும்: கயாவிலிருந்து சிராவஸ்தி வரை

நாள் 1, கயா

அப்பாவுக்குக் கயாவில் பிண்டம் வைக்க வேண்டும் என்று அம்மா இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹௌராவில் இரவு ரயில் ஏறி விடியற்காலையில் வந்து இறங்கினோம். சீதையின் சாபத்தால் மணலுக்கடியில் ஓடுவதாகச் சொல்லப்படும் பல்குனி நதியில், 2022இல் கட்டிய ரப்பர் அணையின் தயவால், விஷ்ணுபாதக் கோயிலை ஒட்டி இப்போது தண்ணீர் நிற்கிறது. அண்ணன் ஆற்றங்கரையிலும் கோயிலிலும் பிண்டம் வைத்து முடித்து நாங்கள் அட்சயவடத்துக்கு வந்தபோது நண்பகல் கடந்திருந்தது.

அந்த ஆலமரத்தடியில்தான், பிடித்த ஒரு காயையும் ஒரு கனியையும் ஒரு இலையையும் இனி உண்பதில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அம்மா கத்தரிக்காயையும் சீத்தாப்பழத்தையும் விட்டார். அண்ணன் பாகற்காயை விடுவதாகச் சொல்ல, பிடித்ததை அல்லவா விட வேண்டும் என்று வாத்தியார் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா விடுகிறாய்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கிட்டு, "அவள் எதையும் விட வேண்டாம், சுவாமி. அவள் விட்டதெல்லாம் போதும்" என்றார்.

அம்மா சொன்னதன் பொருள் எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். பத்தொன்பது வயதில் எனக்கு அனொரெக்சியா, அதாவது எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உண்பதைக் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும் நோய், தொடங்கியது. பின்னர் அது, அளவிறந்து உண்டுவிட்டு வாந்தி முதலியவற்றால் அதை வெளியேற்றத் துடிக்கும் புலிமியாவாக உருமாறியது. இரண்டும் சேர்ந்து ஒன்பது ஆண்டுகளைத் தின்றன. சிகிச்சை முடிந்து இப்போது நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதிவுகளில் என் எடையையோ நான் உண்ட அளவையோ எங்கும் எழுதப்போவதில்லை. நோயில் இருப்பவர்கள் அந்த எண்களைப் போட்டிக்கான இலக்காகப் படிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் படித்தேன்.

அண்ணன் இன்றிரவே சென்னைக்குத் திரும்புகிறார். அம்மாவும் நானும் இங்கிருந்து புத்தர் நடந்த ஊர்களுக்குப் போகிறோம். பௌத்தம் எனக்கு மருந்தாக வருவதற்கு முன்பே என் நோய்க்குத் துணையாகவும் இருந்திருக்கிறது என்பதால், எந்தப் பகுதி எதைச் செய்தது என்பதை அந்தந்த இடத்திலேயே நின்று யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

நாள் 2, துங்கேஸ்வரி

புத்தகயாவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், வெறும் பாறையாக நிற்கும் குன்றின் நடுவே இந்தக் குகை இருக்கிறது. யுவான் சுவாங் பிராக்போதி என்று குறிப்பிட்ட மலை இதுதான் என்கிறார்கள். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். வெளியே குளிர்காற்று வீசினாலும் குகைக்குள் விளக்குப் புகையும் மூச்சுக்காற்றும் சேர்ந்து வியர்க்க வைத்தன. பொன்னிறம் பூசிய ஒரு சிலை கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்திருக்கிறது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணக்கூடியவை. வயிறு முதுகோடு ஒட்டிவிட்டது. கண்கள் குழிக்குள் போய்விட்டன.

லாகூர் அருங்காட்சியகத்தில் உள்ள காந்தாரச் சிற்பத்தின் படம் ஒன்றை நோய்க்காலத்தில் என் கைப்பேசியின் முகப்பில் வைத்திருந்தேன். அதுவும் இதே தவக்கோலத்துப் புத்தர்தான். யாராவது கேட்டால் அதை ஆன்மிகம் என்று சொல்வேன். உண்மையில் அந்த விலா எலும்புகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி மொழி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் மகாசச்சக சுத்தத்தில் (சுத்தம் என்றால் பாலியில் உரை) புத்தர் தம் தவக்காலத்தைத் தாமே விவரிக்கிறார். பயறு, கொள்ளு, கடலை, பட்டாணி ஆகியவற்றின் சாற்றை ஒவ்வொரு கையளவு மட்டும் உண்டதாகச் சொல்லிவிட்டு, அதன் விளைவுகளை மருத்துவக் குறிப்பைப் போல அடுக்கிச் செல்கிறார். முதுகெலும்பு கோத்த மணிமாலை போல ஆயிற்று. பச்சையாக அறுத்த சுரைக்காய் காற்றிலும் வெயிலிலும் வாடுவதைப் போலத் தலைத்தோல் சுருங்கிற்று. வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் சிக்கிற்று. மலசலம் கழிக்க எழுந்தால் முகம் குப்புற விழுந்தார். உடலைத் தடவினால் வேரழுகிய முடிகள் உதிர்ந்தன. குளியலறையிலிருந்து என் முடியை நான் அள்ளிய காலைகள் நினைவுக்கு வந்தன. படத்தை முகப்பில் வைத்த நான் அதற்கடியில் இருக்க வேண்டிய இந்த வரிகளைப் படித்ததே இல்லை.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944 நவம்பரில் தொடங்கி, அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். உடல்நலமும் மனநலமும் மிக்க 36 இளைஞர்கள், தாமே முன்வந்து, இருபத்து நான்கு வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு முன்பு எந்த உணவுக் கோளாறும் இருந்ததில்லை. ஆனாலும் அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் நீட்டித்து உண்டார்கள், மனச்சோர்வில் விழுந்தார்கள், ஒருவரையொருவர் விட்டு விலகினார்கள். நம் குணம் என்று நாம் நம்புகிறவற்றில் பெரும்பகுதி பட்டினி செய்யும் வேலை என்பதை என் மருத்துவர் இந்தச் சோதனையைக் கொண்டுதான் எனக்குப் புரியவைத்தார்.

மகாசச்சக சுத்தத்தில் அடுத்து வரும் இடத்துக்காகவே நான் இவ்வளவு தூரம் வந்தேன். இதைவிடக் கடுமையான வேதனையை எவரும் அனுபவித்ததில்லை, ஆயினும் ஞானம் வாய்க்கவில்லையே, வேறு வழி உண்டோ என்று அவர் யோசிக்கிறார். சிறுவயதில், தந்தை வயல்வேலையில் இருந்தபோது, ஒரு நாவல் மர நிழலில் தாம் அமைதியாக உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வருகிறது. அந்த இன்பத்தைக் கண்டு நான் ஏன் அஞ்சுகிறேன் என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். அதன்பின், இவ்வளவு மெலிந்த உடலோடு அந்த நிலையை அடைவது எளிதல்ல என்று கண்டு, சோறும் கஞ்சியும் உண்பதென முடிவு செய்கிறார். உணவைக் கண்டு அஞ்சுவதாகத்தான் ஊரார் எங்களைப் பற்றி நினைக்கிறார்கள். அந்த அச்சத்துக்கு அடியில், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் சுகம்கூட எனக்கு உரியதல்ல என்ற அச்சம் ஒன்று இருக்கிறது.

அம்மா குகைக்குள் வரவில்லை. மூட்டுவலி என்றார். நான் வெளியே வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்து எனக்காக வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

நாள் 3, பக்ரௌர்

நிரஞ்சனா ஆற்றின் கிழக்குக் கரையில், வயல்களுக்கு நடுவே ஒரு பெரிய செங்கல் தூபி இருக்கிறது. தொல்லியல் துறை 1973-74இலும் பின்னர் 2001 முதல் 2006 வரையிலும் இதை அகழ்ந்தது. பால மன்னன் தேவபாலன் காலத்து, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த, சுஜாதையின் வீடு என்று குறிப்பிடும் கல்வெட்டு ஒன்று கிடைத்ததால், பாற்சோறு தந்த பெண்ணின் நினைவாக எழுந்தது இது என்கிறார்கள்.

வழிகாட்டிகள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: எலும்பாகக் கிடந்த சித்தார்த்தருக்குச் சுஜாதை ஒரு கிண்ணம் பாற்சோறு தந்தாள், அவர் எழுந்தார், ஞானம் பெற்றார். இந்த ஒரு கிண்ணக் கதை என்னைப் போன்றவர்களுக்குப் பெரும் தொல்லை. "அன்றைக்குக் கல்யாண வீட்டில் நன்றாகச் சாப்பிட்டாயே, இன்னுமா சரியாகவில்லை?" என்று உறவினர்கள் கேட்பதெல்லாம் இதே கதையின் நிழல்தான்.

புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளுக்கு முன்னுரையாக அமைந்த நிதானகதையைப் படித்தால் வரிசை வேறாக இருக்கிறது. சித்தார்த்தர் முதலில் ஊர்களுக்குள் பிச்சைக்குப் போய்ச் சாதாரண உணவை உண்ணத் தொடங்குகிறார். அதில்தான் உடல் தேறுகிறது, மேனி மீண்டும் பொன்னிறம் பெறுகிறது. சுஜாதை வரும்போது அவர் மெலிந்தவர் அல்லர். மரத்தடியில் ஒளிவீசிக்கொண்டிருந்ததால்தான் அவரை மரத்தெய்வம் என்று அவள் நினைக்கிறாள். அவர் அந்தப் பாற்சோற்றை நாற்பத்தொன்பது கவளங்களாக உருட்டி உண்டதாகவும் கதை சொல்கிறது. ஆக, தேற்றியது யார் யாரோ பெயர் தெரியாத வீட்டுக்காரர்கள் நாள்தோறும் இட்ட சோறு. அவர்களுக்குத் தூபி எதுவும் கிடையாது.

மருத்துவமும் ஒரே கிண்ணத்தை அஞ்சுகிறது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென்று உணவு நிறையச் சேர்ந்தால், இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சரிந்து இதயமே நின்றுபோகும் அபாயம் உண்டு. அதனால்தான் கடுமையாக மெலிந்தவர்களுக்கு வீட்டில் விருந்து வைத்துவிட முடியாது. இரத்தப் பரிசோதனைகளோடு, மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாக ஏற்ற வேண்டும். என்னை மருத்துவமனையில் சேர்த்த முதல் வாரத்தில், உணவு ஏன் இவ்வளவு குறைவாகத் தருகிறார்கள் என்று அம்மா செவிலியரோடு சண்டை போட்டதை இன்று தூபியைச் சுற்றி வரும்போது சொல்லிச் சிரித்தோம்.

சித்தார்த்தர் சோறு உண்டதைக் கண்ட ஐந்து தோழர்களும், இவர் தவத்தைக் கைவிட்டுச் சுகவாழ்வுக்குத் திரும்பிவிட்டார் என்று வெறுத்து விலகிப் போனார்கள். நலமடையத் தொடங்கும் எவருக்குள்ளும் அந்த ஐவரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் பிறகு, தோற்றுவிட்டாய் என்று அவர்கள் எழுந்து போவார்கள். அவர்கள் போய்விட்டால் நான் யார் என்ற பயம்தான் என்னை நெடுநாள் நோயிலேயே இருத்தியது.

நாள் 4, புத்தகயா

காலையில் மகாபோதிக் கோயிலில் நடைதியானம் செய்தேன். பிறகு ஒரு மடத்தில், சில நாள் எட்டுச் சீலங்கள் என்னும் ஒழுக்க விதிகளை ஏற்று இருக்கலாமா என்று விசாரித்தேன். நண்பகலுக்குப் பின் திட உணவு கிடையாது என்பது அவற்றுள் ஒன்று. முதிய இலங்கைத் துறவி ஒருவர் என் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உண்ணாமல் இருப்பது உங்களுக்கு எளிதா, கடினமா?" என்று கேட்டார். எளிது என்றேன். "அப்படியானால் அது உங்களுக்குச் சீலம் ஆகாது. மாலையில் சாப்பிடுங்கள். உங்களுக்கு அதுதான் கடினம்" என்றார். எல்லா மடங்களிலும் இந்தத் தெளிவு கிடைத்துவிடாது. சிகிச்சைக்கு முன் நான் சென்ற ஒரு பத்துநாள் தியான முகாமில், விண்ணப்பத்தில் நோயை மறைத்தேன், அவர்களும் துருவிக் கேட்கவில்லை. பத்து நாள் மௌனமும் மாலைப் பட்டினியும் எனக்கு நோயின் விழாக்காலமாக அமைந்தன. உணவுக் கோளாறில் இருப்பவர்கள் தம் மருத்துவரிடம் கேட்காமல் இத்தகைய முகாம்களுக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பயன்பட்டதையும் சொல்ல வேண்டும். தொடர்பிலிருந்து உணர்ச்சி, அதாவது வேதனை, பிறக்கிறது. வேதனையிலிருந்து வேட்கை பிறக்கிறது என்று, ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று தோன்றுகிறது என்னும் பௌத்தக் கோட்பாடான சார்புத் தோற்றம் சொல்கிறது. புலிமியாவின் நாட்களில் வேதனைக்கும் வேட்கைக்கும் நடுவே எனக்கு இடைவெளியே இருந்ததில்லை. மனம் கசந்த மறுநொடி சமையலறையில் நிற்பேன். சிகிச்சையில் எனக்குக் கற்றுத்தந்தது, அந்த உந்துதல் அலைபோல எழுந்து, உச்சிக்குப் போய், தானாகவே இறங்கும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்சி. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை செய்த ஆலன் மார்லட் இதை அலைமேல் சவாரி என்று வருணித்தார். ஜென் பயிற்சி பெற்ற உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி. (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை) என்னும் சிகிச்சைமுறையைப் பின்னர் அளவிறந்து உண்ணும் நோய்க்கும் புலிமியாவுக்கும் ஏற்ப மாற்றி அமைத்தார்கள். ஜீன் கிறிஸ்டெல்லர் தியானத்தைக் கொண்டு அளவிறந்து உண்பவர்களுக்கென ஒரு தனிப்பயிற்சியையே வகுத்தார். மருத்துவமனைகளில் புகழ்பெற்ற உலர்திராட்சைப் பயிற்சி 1979இல் ஜான் கபாட்-சின் மாசசூசெட்ஸில் தொடங்கிய வகுப்புகளின் வழியே பரவியது: ஒரே ஒரு திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, நாவில் வைத்து, மெல்ல மென்று உண்பது.

அந்தத் திராட்சையை எனக்கு முதல் ஆண்டில் தரவில்லை. பட்டினி கிடந்த வயிறு மெல்லத்தான் காலியாகும். இரண்டு கவளத்திலேயே நிறைந்துவிட்டதாகப் பொய் சொல்லும். அப்போது உடலின் குரலைக் கேள் என்பது தவறான அறிவுரை. நான் உண்டது கடிகாரத்தைப் பார்த்து: மூன்று வேளை உணவு, நடுவே சிற்றுண்டி, பசித்தாலும் பசிக்காவிட்டாலும். விழிப்புணர்வோடு உண்பதெல்லாம் உடல் உண்மை பேசத் தொடங்கிய பிறகு வந்தது.

நோயின் குரலைக் கையாள எனக்குப் பிடித்த முறை புத்தரின் உரைகளின் இன்னொரு தொகுப்பான சம்யுத்த நிகாயத்து மாரன் கதைகளில் இருக்கிறது. மனத்தை மயக்கித் தடுமாற வைக்க முயலும் மாரன் பல வேடங்களில் வருகிறான். புத்தர் அவனோடு வாதத்தை வளர்ப்பதில்லை, அடிப்பதும் இல்லை. நீ மாரன் என்று அடையாளம் சொல்கிறார். என்னை அறிந்துகொண்டார் என்று வருந்தி அவன் மறைகிறான். தட்டின் முன்னால் உட்கார்ந்து, இது நான் அல்ல, இது நோய் பேசுகிறது என்று சொல்ல எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அவன் மறையவும் இல்லை, சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். அது போதுமானதாக இருந்தது.

நாள் 5, வைசாலி

பாட்னா வழியாக நாள் முழுதும் காரில் வந்தோம். கொல்ஹுவாவில் ஒற்றைச் சிங்கத்தோடு தூண் நிற்கிறது; அருகே செங்கல் தூபி, குளம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம்.

இங்கே நடந்ததாகச் சம்யுத்த நிகாயம் சொல்லும் ஒரு நிகழ்ச்சியைச் சுற்றுலாப் பலகைகள் சொல்வதில்லை. உடலின் அருவருப்பைத் தியானிக்கும் அசுபப் பயிற்சியைப் புத்தர் துறவிகளுக்குக் கற்பித்துவிட்டு, அரைமாதம் தனிமையில் இருந்தார். அந்தப் பயிற்சி மிஞ்சிப்போய், உடலை வெறுத்த துறவிகள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்தவர், சங்கம் ஏன் குறைந்து தெரிகிறது என்று கேட்டார். அவருடைய அணுக்கச் சீடர் ஆனந்தர் நடந்ததைச் சொல்லி, வேறொரு பயிற்சியைத் தருமாறு வேண்டினார். புத்தர் எஞ்சியவர்களைக் கூட்டி, மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதியைக் கற்பித்தார். கோடையின் கடைசி மாதத்தில் பெய்யும் மழை புழுதியை அடக்குவது போன்றது என்றார்.

விசுத்திமக்கம் என்னும் பழைய பௌத்தத் தியான நூலின் நாற்பது தியானப் பொருள்களில், உணவின் அருவருப்பை நினைப்பதும் ஒன்று. உணவு வாயில் எச்சிலோடு குழைவது முதல் கழிவாவது வரை நினைக்கச் சொல்லும் பயிற்சி அது. சுவைக்கு அடிமையானவருக்கு அது மருந்தாக இருக்கலாம். எனக்கு அதைக் கற்பிக்க யாரும் தேவைப்படவில்லை. நோய் அதில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தது. முப்பத்திரண்டு உடற்பகுதிகளை எண்ணும் தியானக் கையேட்டைத் தலையணைக்கடியில் வைத்திருந்தவளுக்கு, ஒரு நல்ல ஆசிரியர் அதைப் பிடுங்கிவிட்டு மூச்சைத் தந்திருப்பார்.

நாள் 6, ரயில்

முசாபர்பூரில் ஏறினோம், கோண்டாவில் இறங்க வேண்டும். ரயில் தாமதம். அம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஆதலால், பேச்சு மணிமேகலைக்குப் போய்விட்டது.

காயசண்டிகையின் கதையை அம்மா சொல்லும்போது எனக்கு உறைத்தது. பொதியமலையில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் விருச்சிக முனிவர் தமக்கென வைத்திருந்த நாவற்கனியை அவள் கவனியாமல் காலால் சிதைத்துவிடுகிறாள். முனிவரின் சாபத்தால் எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பெரும்பசி நோய் அவளைப் பற்றுகிறது. "பன்னிரண்டு வருஷப் பட்டினியின் கோபம்தானே அந்தத் தீ" என்றார் அம்மா, சாதாரணமாக. கட்டுப்பாடுதான் கட்டற்ற உண்ணுதலை வளர்க்கிறது என்பதை எனக்கு மருத்துவர் படம் வரைந்து விளக்கியிருந்தார். சாத்தனார் அதை ஒரு கனியில் வைத்துவிட்டார். குகையில் நினைத்த நாவல் மரமும் இந்தக் கனியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட சோற்றில் அவள் பசி தீர்கிறது. "ஒரு பிடியில் தீர்வது காப்பியத்தில் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா தூங்கிப்போனார்.

தம்மபதத்தின் 203ஆம் பாடல் பசியைப் பெரும்பிணி என்கிறது. அதற்கு உரைகாரர் சொல்லும் கதையில், ஆளவி நகரத்து ஏழை உழவன் ஒருவன், தொலைந்த காளையைத் தேடி அலைந்து பசியோடு அவைக்கு வருகிறான். புத்தர் அவனுக்கு முதலில் உணவிடச் சொல்லிவிட்டு, அவன் உண்டு முடித்த பிறகே அறம் பேசத் தொடங்குகிறார். என் முதல் மனநல ஆலோசகரிடம் ஓராண்டு குழந்தைப்பருவத்தைப் பற்றிப் பேசினேன், பேசியது ஒன்றும் தலையில் தங்கவில்லை. இரண்டாமவர் முதல் சந்திப்பிலேயே, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

நாள் 7, சிராவஸ்தி

ஜேதவனம் பரந்த தோட்டம் போல இருக்கிறது. அடித்தளங்கள் மட்டும் எஞ்சிய விகாரங்கள், ஆனந்த போதி மரம், புத்தர் தங்கிய இடமெனச் சொல்லப்படும் கந்தகுடியின் முன்னால் வெள்ளை உடையில் பாடிக்கொண்டிருந்த இலங்கை யாத்திரிகர்கள்.

கோசல மன்னன் பசேனதி, ஒரு துரோண அளவு அரிசிச் சோற்றை உண்டுவிட்டு மூச்சு வாங்கியபடி புத்தரைப் பார்க்க வந்தது இங்கேதான். உணவில் அளவறிந்து விழிப்போடு இருப்பவனுக்கு வேதனைகள் மெலியும், அவன் மெல்ல மூப்படைந்து ஆயுளைக் காப்பான் என்ற பொருளில் புத்தர் ஒரு பாடலைச் சொன்னார். மன்னன் வேறெதுவும் பேசாமல், பின்னால் நின்ற சுதர்சனன் என்னும் இளைஞனை அந்தப் பாடலை மனப்பாடம் செய்து தான் உண்ணும்போதெல்லாம் ஓதச் சொன்னான். அதற்கு நாளொன்றுக்கு நூறு காசு கூலி. படிப்படியாக மன்னனின் உணவு ஒரு நாழி அளவில் வந்து நின்றது. பாலி மொழியிலும் அது நாளிதான் என்று நான் சொன்னதும், வீட்டில் பாட்டி வைத்திருந்த பித்தளை நாழி யாரிடம் போயிற்று என்று அம்மா யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

அளவிறந்து உண்ணும் துன்பத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அங்கே ஏச்சும் இல்லை, பட்டினியும் இல்லை என்பதே. உண்ணும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். குறைவது மெல்லக் குறைகிறது. பதின்வயதினரின் அனொரெக்சியாவுக்குப் பெற்றோரையே உணவுமேசையில் துணையாக அமர்த்தும் குடும்பச் சிகிச்சையிலும் பக்கத்தில் ஒருவர் இருப்பதே முதன்மை. எனக்கு அந்த வயது கடந்திருந்தபோதும் அம்மா அதைச் செய்தார், நூறு காசு வாங்காமல். ஆனால் அதே பாடலை அன்று யாராவது என் தட்டின் அருகே ஓதியிருந்தால், அளவறிதல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் இன்னும் மெலிந்திருப்பேன்.

இதே ஊரில் நடந்த இன்னொன்றை துறவிகளுக்கான விதிகளின் தொகுப்பான விநயபிடகத்தின் மருந்துப் பகுதி சொல்கிறது. கூதிர்கால நோயால் துறவிகள் உண்டது தங்காமல் வாந்தியெடுத்து, மெலிந்து, நிறம் வெளுத்து, நரம்புகள் புடைத்துத் திரிந்தார்கள். அதைக் கண்ட புத்தர், இவர்கள் ஏன் இப்படி மெலிந்திருக்கிறார்கள் என்று ஆனந்தரைக் கேட்டு, நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு ஆகிய ஐந்தையும் மருந்தாக அனுமதித்தார். முதலில் உரிய வேளையில் மட்டும் என்றார். அது போதாமல் அவர்கள் மேலும் மெலியவே, நண்பகலுக்குப் பின்னும் உண்ணலாம் என்று விதியைத் தளர்த்தினார்.

கந்தகுடியின் எதிரே உட்கார்ந்து இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது மணி நான்கு ஆகிவிட்டது. அம்மா பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்தார். காவலர் விசிலடித்து, உள்ளே உண்ணக் கூடாது என்று கைகாட்டினார். வெளியே வந்து வாசலை ஒட்டிய தேநீர்க் கடையின் மரப்பலகையில் உட்கார்ந்தோம். அம்மா தமக்குச் சர்க்கரை வேண்டாம் என்று இந்தியில் தட்டுத்தடுமாறிச் சொல்ல, கடைக்காரர் இருவருக்குமே சர்க்கரை இல்லாமல் ஊற்றப் போனார். எனக்கு வேண்டும் என்று சொல்லி இரண்டு விரலைக் காட்டினேன்.